மகசூல் என்பது மக + சூல் தானா? நோட்டில் ஒரு கட்டம் போட்டதால் வந்த சந்தேகம்

கீழ்மலைக் காப்பிக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இலக்கணம் பேசுகிற இடத்தில் எனக்கு வேலை இல்லைதான். தண்டிக்குடிக்குக் கீழே மூன்றரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகு, ஊடே ஆரஞ்சும் மலைவாழையும். இதுதான் என் படிப்பு. ஆனால் ஒரு சொல்லால் வீட்டில் சாப்பிட உட்கார முடியவில்லை. அதனால் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு. என் கையெழுத்து புரியும் என்பதால் நோட்டு என் தலையில். போன கார்த்திகையில் புது நோட்டுக்குக் கோடு போடும்போது பெயர், தேதி, மகசூல், கையெழுத்து என்று நாலு கட்டம் போட்டேன். டீசலையும் ரிப்பேரையும் வருஷக் கடைசியில் மகசூல் கணக்கில் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு.

பொங்கல் கழிந்து கூட்டிப் பார்த்தால் என் தங்கை வீட்டுக்காரர், அதாவது மச்சான், பெயருக்கு நேரே 612 கிலோ. மிளகுக்கடை பாய் பெயருக்கு நேரே 118 கிலோ. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தோட்டம், ஒரே சரிவு. என்னடா என்று பார்த்தால் மச்சான் பறித்து வந்த பழத்தின் எடையை எழுதியிருக்கிறார். பாய் அதை அரைத்து, கழுவி, காயவைத்து, மூட்டை கட்டிய பார்ச்மென்ட் எடையை எழுதியிருக்கிறார். மீதிப் பேரில் பாதி அப்படி, பாதி இப்படி. நோட்டு கந்தல்.

காப்பி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவந்த பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவோம். சொத்தை மிதக்கும், அதை அரித்துத் தள்ளிவிடுவோம். மூழ்கியது பல்பருக்குப் போகும். ஒரு பக்கம் சிவப்புத் தோல் துப்பும், இன்னொரு பக்கம் வழவழவென்று கொட்டை விழும். கையில் எடுத்தால் நிற்காது, விரலிடுக்கில் வழுக்கி ஓடும். ஒரு ராத்திரி புளிக்கவிட்டுக் கழுவி, களத்தில் காயப் போட்டால் ஓட்டோடு இருக்கிற பார்ச்மென்ட். நூறு கிலோ பழம் இருபது கிலோ பார்ச்மென்ட் ஆகும். அந்த ஓடும் போனால் பதினாறு கிலோ பக்கம். வாங்கப் போகிற நீங்கள் அதை வறுத்துப் பொடி பண்ணி சிக்கரி கலந்து குடிப்பீர்கள், அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் தமிழாசிரியர். அவர் சொல்வது: "மகசூல் என்றால் மக + சூல். மகவு, சூல், இரண்டும் சுத்தத் தமிழ். செடி சூல்கொண்டு ஈன்றது எதுவோ அதுதான் மகசூல். அதாவது பழம். எல்லாரும் பழத்தைத்தான் எழுத வேண்டும்." பாய் சொல்வது: "அது எங்க அரபு வார்த்தை மாப்பிள்ளை. கடைசியில் கைக்கு என்ன நின்றதோ அதுதான் மஹ்ஸூல்." இரண்டு பேரும் அவரவர் பாக்கெட்டுக்குத் தோதாகப் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழா, அரபியா? அரபி என்றால் அங்கே அதற்கு என்ன அர்த்தம்? வசூல், தாசில்தார் எல்லாம் காதுக்கு ஒரே குடும்பமாகக் கேட்கிறதே, உண்மையா?

ஜித்தா ரிட்டன்:

அரபிதான் அண்ணே, சந்தேகமே வேண்டாம். ஜித்தாவில் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்தேன். வண்டியில் சின்னக் கீறல் விழுந்தால் முதலாளி ஓடிவந்து கேட்கிற முதல் கேள்வி "ஏஷ் ஹஸல்?" என்ன ஆச்சு என்று அர்த்தம். அந்த ஹஸலும் மஹ்ஸூலும் ஒன்று.

அப்புறம் ஏர்போர்ட்டில் இறங்கினதும் பெரிய போர்டு, "அல்வுஸூல்" என்று எழுதியிருக்கும். வந்து சேர்கிறவர்கள் பக்கம். அதுதான் நம்ம வசூல். ஆக மகசூல், வசூல் எல்லாம் ஒரே வேர். பாய்க்கு என் ஓட்டு.

ஓதல்பள்ளி:

ஜித்தா தம்பி பாதி சரி. போர்டைப் படித்தது சரி, முடிச்சுப் போட்ட இடம் தப்பு. நிதானமாகச் சொல்கிறேன். வத்தலக்குண்டுப் பக்கம் இருபது வருஷம் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் ஓதிக்கொடுத்தவன், சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

அரபியில் பெரும்பாலான சொல்லுக்கு மூன்று மெய்யெழுத்து எலும்புக்கூடு. உயிரெழுத்தும் முன்னொட்டும் அதன்மேல் போட்ட சதை. மஹ்ஸூலின் எலும்பு மூன்று: தொண்டையிலிருந்து வரும் ஹா, அழுத்தி உச்சரிக்கும் ஸாத், பிறகு லாம். வுஸூலின் எலும்பு வாவ், ஸாத், லாம். முதல் எழுத்தே வேறு. முன்னதற்கு 'கிடைத்தல், உண்டாதல்' என்று பொருள், பின்னதற்கு 'போய்ச் சேருதல்'. தமிழில் இரண்டும் 'சூல்' என்று முடிவதால் அண்ணன் தம்பி மாதிரித் தெரிகிறது. ஒரே தெருக்காரர்கள், அவ்வளவுதான்.

இப்போது ஹா-ஸாத்-லாம் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வினையின் முதல் வடிவம் ஹஸல. தனியாக நின்றால் 'நிகழ்ந்தது', அதுதான் ஜித்தா முதலாளியின் கேள்வி. பின்னால் 'அலா' என்ற இடைச்சொல் சேர்ந்தால் 'பெற்றான்'. ஹஸல அலா வளீஃபா, வேலை கிடைத்தது. நிகழ்காலம் யஹ்ஸுலு. தொழிற்பெயர் ஹுஸூல். செய்வோன் பெயர் ஹாஸில், அதாவது கிடைத்து நிற்பது. நம் பள்ளிவாசல் பயான்களில் "நாட்டம் ஹாஸிலாகும்" என்று காதில் விழுந்திருக்குமே, அது இது. கணக்குப் பாடத்தில் பெருக்கி வந்த விடைக்குப் பெயர் ஹாஸிலுள் ளர்ப், கூட்டி வந்த விடை ஹாஸிலுல் ஜம்உ.

அதே வினையின் நடு எழுத்தை இரட்டித்தால் ஹஸ்ஸல. இது இரண்டாம் வடிவம். முதல் வடிவம் தன்வினை மாதிரி, தானாக உண்டாவது. இரண்டாவது பிறவினை மாதிரி, முயன்று உண்டாக்குவது, வெளியே எடுப்பது, திரட்டுவது. இதன் தொழிற்பெயர் தஹ்ஸீல். செய்கிறவன் முஹஸ்ஸில், பணம் தண்டுகிறவன். தஹ்ஸீலோடு பாரசீகத்துத் 'தார்' சேர்ந்து தாசில்தார். ஆக அந்த அம்மாவோ ஐயாவோ மகசூலுக்கு நெருங்கிய சொந்தம், வசூலுக்குச் சொந்தமில்லை. வேலை வசூல் என்றாலும்! தஹஸ்ஸல, இஸ்தஹ்ஸல என்று ஐந்தாம், பத்தாம் வடிவங்களும் உண்டு. இங்கே அவை வேண்டாம்.

இந்த வேர் குர்ஆனில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. நூறாவது அத்தியாயம், ஆதியாத், பத்தாவது வசனம்: "வ ஹுஸ்ஸில மா ஃபிஸ் ஸுதூர்." நெஞ்சுகளில் உள்ளவை வெளியே எடுக்கப்படும்போது. ஹஸ்ஸல என்பதில் உயிரை மட்டும் மாற்றி ஹுஸ்ஸில என்றால் செயப்பாட்டு வினை, 'எடுக்கப்பட்டது'. நடக்கப் போகிற நாளைப் பற்றிய பேச்சு, ஆனால் வினை இறந்தகாலம். நிச்சயம் நடக்கும் என்பதற்கு அரபியில் அப்படிச் சொல்வது வழக்கம்.

இப்போதுதான் காப்பிக்காரர் கேட்டதற்கு வருகிறேன். குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல்இஸ்ஃபஹானி ஆயிரம் வருஷத்துக்குக் கிட்ட முந்தியவர். தஹ்ஸீல் என்பதற்கு அவர் சொல்லும் பொருள்: தோலிலிருந்து உள்ளீட்டை வெளியே எடுப்பது, சுரங்கக் கல்லிலிருந்து தங்கத்தை எடுப்பது போல, வைக்கோலிலிருந்து கோதுமையை எடுப்பது போல. உங்கள் பல்பர் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் கொட்டை. சின்ன வயதில் வாப்பாவோடு மிளகு வாங்க பண்ணைக்காடு வந்தபோது அந்த மிஷினைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இந்தச் சொல் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கு இருபது வருஷமும் கோதுமை உதாரணம் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே எந்தப் பிள்ளை கோதுமைக் களத்தைப் பார்த்தது?

13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இப்னு மன்ளூர் தொகுத்த லிசானுல் அரப் இன்னும் நறுக்கென்று சொல்கிறது. எதிலும் ஹாஸில் என்பது மற்றதெல்லாம் போன பிறகு எது மிஞ்சி நிலைக்கிறதோ அது. கணக்கிலும் சரி, செயலிலும் சரி. மஹ்ஸூலும் ஹாஸிலும் ஒன்று என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

இதில் இலக்கணச் சிக்கல் ஒன்று உண்டு, ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். மஹ்ஸூல் என்பது மஃப்ஊல் என்ற அச்சில் வார்த்த சொல். அந்த அச்சு 'செய்யப்பட்டது' என்ற பொருளுக்கு உரியது. எழுதப்பட்டது மக்தூப், கொல்லப்பட்டவர் மக்தூல். ஆனால் ஹஸல செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்கு எப்படி 'பட்டது' வரும்? அகராதிக்காரர்களே இதைக் கவனித்து, இது உருவத்தில் மஃப்ஊல், உண்மையில் தொழிற்பெயர், மஃகூல், மைஸூர் மாதிரி அபூர்வமாக வருபவற்றில் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மைஸூர் என்றால் இலகு. ஊர் மைசூருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

அறுவடைக்கு வேறு சொல் இருக்கிறது, ஹஸாத். கடைசி எழுத்து லாம் இல்லை, தால். விளைந்ததில் ஏழைக்குரியதை "அதன் அறுவடை நாளிலேயே கொடுங்கள்" என்று குர்ஆன் ஆறாவது அத்தியாயத்தில் வருவது இந்த ஹஸாத். அறுப்பது ஹஸாத், அறுத்து முடித்துக் கையில் நிற்பது மஹ்ஸூல். இன்றைய அரபியில் பயிர், விளைச்சல் என்று பொதுவாகவும் சொல்கிறார்கள். பன்மை மஹாஸீல், அல்லது மஹ்ஸூலாத்.

எனவே சொல்லின் வயிற்றுக்குள் பார்த்தால் மிளகுக்கடை பாய் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. கோழி அறுக்கும்போது கழுத்தடியில் தின்ற தானியம் உப்பி நிற்குமே, இரைப்பை, அதற்கு அரபியில் ஹவ்ஸலா. இதே வேர்தான், இரை போய்ச் சேர்ந்து நிற்கிற பை. அது பாரசீகம் போய், உருது போய், இந்தியில் ஹௌஸ்லா ஆகி, இப்போது தைரியம் என்று பொருள். கோழி இரைப்பை தைரியமான கதையை வேறொரு நாள் சொல்கிறேன்.

மச்சான்:

உஸ்தாத் அவர்களுக்கு வணக்கம். அந்த மச்சான் நான்தான். என் மைத்துனர் என்னைக் காசுக்காகப் பேசுபவன் போல எழுதியிருக்கிறார், அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

அரபு அகராதி பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று. நெற்பயிர் சூல்கட்டுகிறது என்று உழவர்கள் சொல்கிறார்கள். பயிருக்குச் சூல் பருவம் உண்டு. மக என்றால் பிள்ளை, சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இரண்டு தமிழ்ச் சொல் சேர்ந்தால் அந்தப் பொருள் இயல்பாக வருகிறது. தற்செயலாக ஓர் அரபுச் சொல் அதே ஒலியில் இருந்துவிட்டுப் போகட்டுமே. காதில் அயலாகப் படாத சொல்லையும் அயலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நம்மிடம் என்ன மிஞ்சும்? நீங்களே 'ஒலியை நம்பாதே' என்கிறீர்கள். அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் அல்லவா?

ஓதல்பள்ளி:

வாத்தியார் ஐயா, நல்ல கேள்வி. ஒலியை மட்டும் நம்பினால் நானும் தோற்பேன். அதனால் அச்சைப் பார்ப்போம்.

மகசூல் தனியாக வந்திருந்தால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் அது கும்பலோடு வந்திருக்கிறது. மாமூல் என்கிறோம். அது மஅமூல், 'வழக்கமாகச் செய்யப்பட்டது', வேர் ஐன்-மீம்-லாம். அதே வேரில் அமல், செயல். சட்டம் அமலுக்கு வருகிறது, போகிற வழியில் மாமூலும் வந்துவிடுகிறது, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மாமூலை மா + மூல் என்று பிரிப்பீர்களா? நீதிமன்றத்தில் ஆஜர், அது ஹாளிர், 'வந்து நிற்பவர்'. போலீஸ் எழுதும் மகஜர், அது மஹ்ளர், அதே வேர். பழைய கச்சேரிக் காகிதங்களில், அதாவது சர்க்கார் அலுவலகக் காகிதங்களில், வரும் ஹுசூரும் அதே வேர், ஹுளூர். வாரிசும் மிராசும் ஒரே வேர். எல்லாம் ஒரே வகை: நிலம், வரி, வழக்கு, கச்சேரி. மகசூல் உட்கார்ந்திருப்பதும் இந்தப் பந்தியில்தான்.

அடுத்து அந்த 'மக'. மஹ்ளர் தமிழில் மகஜர் ஆனது, அஹ்மத் அகமது ஆனது. மெய்யோடு ஒட்டி நிற்கும் ஹ் தமிழ் வாயில் ககரமாக அவிழ்கிறது. மஹ்ஸூல் மகசூல் ஆனதும் அதே வழிதான். மகவுக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் இலக்கணப்படியே பார்த்தாலும், பிள்ளையையும் சூலையும் சேர்த்தால் சூல் முன்னால் வர வேண்டாமா? பிள்ளைக்குப் பிறகா கர்ப்பம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த இடம். இந்தக் கச்சேரிச் சொற்கள் அரபு வியாபாரி கப்பலில் நேராக இறங்கியவை அல்ல. பாரசீகம் வழியாக, முகலாய ஆட்சிக் கணக்கிலும் ஆற்காட்டு நவாப் கணக்கிலும் ஏறி வந்தவை. எப்படித் தெரியும் என்றால், அரபியில் ளாத் என்று ஓர் எழுத்து. அரபியை நேராக ஓதுகிற தமிழ் முஸ்லிம் அதை ளகரமாகச் சொல்வார்: ரமளான், ஒளு. பாரசீக, உருது வாய்க்கு அது ஆங்கில z போன்ற அதிர்வொலி, நாம் எழுதும்போது ஜ ஆகிறது: ரம்ஜான், வஜு. ஹாளிர் நேராக வந்திருந்தால் கோர்ட்டில் 'ஆளிர்' ஆகியிருப்போம். ஆஜர் ஆகிறோம். எங்கள் வீட்டில் ரமளான், பக்கத்துத் தெருவில் ரம்ஜான், பிறை மட்டும் ஒன்று.

திண்டுக்கல் சீமை 1755-இல் ஹைதர் அலி கைக்கு வந்தது, திப்பு காலத்தில் 1792 உடன்படிக்கையில் கும்பினிக்குப் போனது. கச்சேரிப் பாஷை மாறவில்லை. தாசிலும், பசலி என்கிற வரி ஆண்டும், ஜமாபந்தி என்கிற வருஷக் கணக்குத் தணிக்கையும் வெள்ளைக்காரன் நோட்டிலும் அப்படியே தொடர்ந்தன.

ஒன்று மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். 'சூல்' என்ற ஓசை தமிழ்க் காதுக்கு இதமாக இருந்ததால்தான் இந்தச் சொல் கச்சேரியை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு வந்து குடியேறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். மற்ற கச்சேரிச் சொல் எதையும் உழவர் இப்படி வாய் நிறையச் சொல்லிப் பார்த்ததில்லை. பாக்கி தவிர.

பழைய கிராம நிர்வாகம்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். மேல்மலையிலும் கீழ்மலையிலும் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். 1980-இல் பரம்பரைக் கர்ணம் முறையை எடுத்த பிறகு தேர்வெழுதி வந்தவர்களில் ஒருவன்.

நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற சொற்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஜூலை ஒன்றாம் தேதி பசலி பிறக்கும். 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. ஃபஸ்ல் என்றால் அரபியில் பருவம் என்று உஸ்தாத் மாதிரி ஒருவர் ஒருமுறை சொல்லக் கேட்டேன். அந்தப் பசலி முழுக்க என்ன பயிர், என்ன விளைந்தது என்று எழுதுகிற பதிவேட்டுக்குப் பெயர் மட்டும் பச்சைத் தமிழ், அடங்கல். ஜமாபந்தியில் அதிகாரி முன்னால் அடங்கலை விரிக்கிறபோது கை நடுங்கும் பாருங்கள், அந்த நடுக்கத்துக்கு மட்டும் எந்தப் பாஷையிலும் பெயர் இல்லை.

காப்பிக்காரர் தம்பிக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். சொல்லின் வேரை வைத்து நோட்டுப் போடாதீர்கள். நாங்கள் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வோம். அடிவாரத்தில் நெல் வயல் என்றால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் உள்ளதை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, எடை போடுவோம். அன்றைய எடையோடு விடுவதில்லை. அதில் ஒரு பங்கை எடுத்துக் காயவைத்து மறுபடி எடை. ஈர எடை ஒரு கட்டம், காய்ந்த எடை ஒரு கட்டம். 'மகசூல்' என்று ஒற்றைக் கட்டம் போட்டால் மேலே இருக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி, எந்த எடை?

வாத்தியார் ஐயாவுக்கும் ஒன்று. தமிழில் சொல் இல்லையே என்று ஏன் மகசூலைப் பிடித்து இழுக்கிறீர்கள்? விளைச்சல் இருக்கிறது. குறளில் 'தள்ளா விளையுள்' இருக்கிறது. அதைவிட நல்லது கண்டுமுதல். எங்கள் அப்பா காலத்தில் களத்தில் அடித்து, தூற்றி, பதர் போக்கி, மரக்காலில் அளந்து வருவதைத்தான் கண்டுமுதல் என்பார்கள். "ஏக்கருக்கு என்ன கண்டுமுதல்?" என்றுதான் கேள்வியே. வயலில் நிற்பதைக் கண்டுமுதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உஸ்தாத் சொன்ன அந்த அரபு அகராதிப் பொருள், மற்றது போய் மிஞ்சியது, அதே சங்கதி.

ஓதல்பள்ளி:

கண்டுமுதல்! மாஷா அல்லாஹ். இருபது வருஷமாக மஹ்ஸூலுக்கு 'விளைச்சல்' என்று பொருள் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனி மாற்றுகிறேன். கிடைத்ததையே மறுபடி தேடிக் கிடைக்கச் செய்வதற்கு அரபியில் 'தஹ்ஸீலுல் ஹாஸில்' என்பார்கள், வெட்டி வேலை என்று பொருள். வீட்டிலேயே இருந்த சொல்லை விட்டுவிட்டு நான் அகராதி அகராதியாக அலைந்தது கிட்டத்தட்ட அதுதான்.

கீழ்மலைக் காப்பிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் களத்தில் பார்ச்மென்ட் கிளறிக்கொண்டே மச்சானுக்கு முழுசையும் படித்துக் காட்டினேன். மாமூல் வந்த இடத்தில் "ம்" என்றார். 'பிள்ளைக்குப் பிறகா கர்ப்பம்' என்ற இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண்டுமுதலில் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தாயா, தமிழில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லையா" என்கிறார். அவர் சொன்னது அது இல்லை. ஆனால் தங்கை காப்பி கொண்டுவந்துவிட்டாள், விட்டுவிட்டேன்.

நோட்டு விஷயம் வேறு மாதிரி முடிந்தது. பாயிடம் அகராதிப்படி நீங்கள்தான் சரி என்று சொன்னேன், சந்தோஷப்பட்டார். அப்புறம் டீசல் பேச்சு வந்தது. பல்பர் ஓடுவது பழத்துக்கு. நூறு கிலோ பழம் போட்டால் நூறு கிலோவுக்கும் மிஷின் ஓட வேண்டும், பிறகு அது களத்தில் என்ன ஆனது என்று மிஷினுக்குத் தெரியாது. அதனால் டீசல் செலவு பழ எடையில். இதை நான் சொல்லவில்லை, பாயே கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார். அவருடைய 118 கிலோவைத் திருப்பிப் போட்டால் 590 கிலோ பக்கம் பழம் வருகிறது. மச்சானுக்கும் அவருக்கும் செலவு ஏறக்குறைய ஒன்று.

புது நோட்டுக்கு இன்றைக்குக் காலையில் கோடு போட்டேன். பெயர், தேதி, பழம், மிதந்தது, கண்டுமுதல், கையெழுத்து. 'மிதந்தது' கட்டம் நான் சேர்த்தது. சொத்தையை அரித்துத் தள்ளிய பிறகு அதற்கும் செலவு கேட்டால் இன்னொரு சண்டை வரும்.

அம்மா கோழி சுத்தம் பண்ணும்போது இரைப்பையைக் காட்டி இது ஹவ்ஸலா என்றேன். "இதில் பாதி என் களத்து நெல்லு" என்றாள். பதினொரு பேரில் எட்டுப் பேர் புதுக் கட்டத்துக்குச் சரி சொல்லிவிட்டார்கள். மீதி மூன்று பேர் மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.